சம்பா கோயிலில் இடிந்த சுவர்

நம்ம ஊரில் ஐப்பசி பிறந்துவிட்டால் கொத்தனாருக்குத் தனி மரியாதை வந்துவிடும். மழை பிடித்துக்கொள்வதற்குள் மட்டப்பா ஒழுகலை அடைக்க வேண்டும். தீபாவளிக்கு மகளும் மருமகனும் வருவார்கள், அதற்குள் வெள்ளை அடித்தாக வேண்டும். கிறிஸ்தவ வீடுகளில் நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வருகிறது, பெரியவர்களின் கல்லறையைச் சுத்தம் செய்ய வேண்டும். வீட்டு வேலை, கோயில் காரியம், குடும்ப விஷயம் மூன்றும் ஒரே வாரத்தில் வந்து தலையில் விழும். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் அசையும்.

1745-ஆம் வருடத்து ஐப்பசியிலும் இப்படித்தான் நடந்தது. அந்த மாதத் தொடக்கத்தில், அக்டோபர் 16 சனிக்கிழமை, புதுச்சேரியில் ஒரு சுவர் இடிக்கப்பட்டதை ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அது மிஷன் வீதியில் இருந்த சம்பா கோயிலுக்குள் எழுப்பப்பட்டிருந்த சுவர். எழுதியவர் ஆனந்தரங்கப் பிள்ளை.

பிள்ளையவர்களைப் பற்றி நம்ம ஊர்க்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1709-ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனார் திருவேங்கடம் பிள்ளையுடன் புதுச்சேரிக்கு வந்துவிட்டார். பெரிய மார்க்கெட் பக்கம் ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் நிற்கும் மாளிகை அவருடையது. கீழே தமிழ் வீட்டு முற்றமும் மரத் தூண்களும், மேலே பிரெஞ்சு பாணித் தூண்களுமாக 1738 வாக்கில் கட்டியது. 1736 செப்டம்பர் 6 முதல் 1761 ஜனவரியில் கண் மூடும் வரை அவர் தினசரிக் குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, துணிச் சரக்கின் விலை, கவர்னர் முகம் சுளித்தது, வீட்டில் குழந்தை பிறந்த நேரம் எல்லாம் அதில் உண்டு. 1846-ல் கலுவா மோம்பிரேன் என்பவர் அந்தக் கைப்பிரதியைக் கண்டெடுத்தார். பிறகு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்திலும் அச்சேறியது.

அக்டோபர் 16-ன் குறிப்பைப் படிக்குமுன், அந்தக் காலத்தில் கோயிலும் உத்தியோகமும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

பிரெஞ்சுக் கம்பெனிக்குத் தலைமைத் துபாஷி என்றால் இன்றைய கணக்கில் பெரிய பதவி. வியாபாரத் தரகு, மொழிபெயர்ப்பு, ஊர்ப் பஞ்சாயத்து எல்லாம் அவர் கையில். அந்த இடத்தில் இருந்த நைனியப்ப பிள்ளை, ஆனந்தரங்கப் பிள்ளையின் தகப்பனாருக்கு மைத்துனர் முறை. இந்து ஒருவர் அந்தப் பதவியில் இருப்பது சேசு சபைச் சாமியார்களுக்குப் பிடிக்கவில்லை. 1716-ல் அவர் மேல் வழக்குப் போட்டு, கசையடி கொடுத்து, சிறையில் அடைத்தார்கள். அடுத்த வருடமே சிறையில் இறந்துபோனார். அவர் மகன் குருவப்ப பிள்ளை நியாயம் கேட்டு பிரான்சு வரை போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்று, செவாலியே பட்டத்துடன் திரும்பி, தகப்பனார் இடத்தில் அமர்ந்தார். 1724-ல் அவரும் காலமானார். பதவி கனகராய முதலியாருக்குப் போனது. முதலியார் வீடு பரம்பரைக் கத்தோலிக்க வீடு. பேதுரு என்பது அவருடைய ஞானஸ்நானப் பெயர்.

ஆகவே 1745-ல் ஊரின் முதல் தமிழர் கனகராய முதலியார். அந்த இடம் தனக்கு வர வேண்டும் என்று காத்திருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. சுவர் இடிந்த கதையை நமக்குச் சொல்பவர் இவர்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

சம்பா கோயில் என்ற பெயர் புனித சின்னப்பர் பெயரின் போர்த்துகீசிய உச்சரிப்பிலிருந்து வந்தது. சேசு சபையார் நடத்திய கோயில். வெள்ளைக்காரர்களுக்குக் கப்புசின் சாமியார்களின் கோயில் தனியாக இருந்தது. சம்பா கோயில் முக்கியமாகத் தமிழ்க் கிறிஸ்தவர்களின் கோயில். அதற்குள் வடபுறத்தில் ஒரு தடுப்புச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பறையர் சமூகத்துக் கிறிஸ்தவர்கள். இந்தப் பக்கம் மற்ற சாதியார், சட்டைக்காரர்கள், ஐரோப்பியர்கள். பூசை ஒன்றுதான், பீடம் ஒன்றுதான், நடுவே செங்கல்.

இந்தச் சுவரைச் சாமியார்கள் சும்மா கட்டவில்லை. தமிழர்களின் பழக்கவழக்கத்தில் எதை விடச் சொல்வது, எதை வைத்துக்கொள்ளச் சொல்வது என்பது அவர்களுக்கு நூறு வருடமாகத் தீராத தலைவலி. சாதியைத் தொட்டால் மேல்சாதிக்காரர்கள் கோயிலுக்கு வரமாட்டார்கள் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். ரோமாபுரிக்குப் புகார் போனது. 1703 நவம்பரில் பாப்பானவரின் தூதராகத் தூர்னோன் என்பவர் புதுச்சேரிக்கு வந்து எட்டு மாதம் தங்கி விசாரித்தார். 1704 ஜூனில் அவர் இட்ட கட்டளையைப் பார்த்தால் பெரும்பாலும் வீட்டுக்குள் நடக்கும் விஷயங்கள். தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது. பெண் பிள்ளை பெரியவளானதற்குச் சடங்கு கூடாது. சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் நுழைந்து அவஸ்தை பூசுதல் கொடுக்கச் சாமியார்கள் மறுக்கக் கூடாது. கடைசியாகச் சொன்ன இந்த ஒன்றுதான் எல்லாவற்றிலும் பெரிது என்பது என் எண்ணம்.

இதன் மேல் வாதம் நாற்பது வருடம் இழுத்தது. 1744 செப்டம்பரில் பதினாலாம் ஆசீர்வாதப்பர் முடிவான ஓலையை வெளியிட்டார். அதற்கு அடுத்த வருடம்தான் நம்ம சுவர் இடிகிறது.

பிள்ளையவர்கள் எழுதியிருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காரைக்காலிலிருந்து ஒரு சாமியார் வந்திருந்தார். அவர் பேச்சில் தைரியம் பெற்ற பறையர் கிறிஸ்தவர்கள் கூட்டமாகப் பெரிய சாமியாரிடம் போனார்கள். நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே, ஆண்டவர் எங்களை வேறாகப் படைத்தாரா, பின் ஏன் எங்களைத் தள்ளி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சாமியார் பதில் சொல்ல முடியாமல், அல்லது சொல்ல விரும்பாமல், அந்த இடத்திலேயே சுவரை இடிக்கச் சொல்லிவிட்டார். எல்லோரும் கலந்து உட்காரலாம் என்றார். அடுத்த பூசைக்கு ஐரோப்பியரும் சட்டைக்காரரும் சாதிக் கிறிஸ்தவரும் பறையரும் ஒன்றாக நின்றார்கள்.

இதோடு முடிந்திருந்தால் அழகான கதை. முடியவில்லை.

பூசைக்கு ஒரு பெண் வந்தாள். கனகராய முதலியாரின் உறவில், மருமகன் முறையுள்ள ஒருவரின் மனைவி. தன் சாதி வழக்கப்படி நகை பூட்டி, மெல்லிய மஸ்லின் உடுத்தி, வாசனை பூசி வந்திருந்தாள். பெரிய சாமியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவள் அருகே போய், நீ குடும்பப் பெண்ணா, தாசியா என்கிற மாதிரி எல்லோர் முன்னாலும் கேட்டார். உன் புருஷனுக்கு வெட்கமில்லையா என்றார். பூசை கேட்டது போதும், எழுந்து வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார். இனிமேல் தமிழ்ப் பெண்கள் மெல்லிய சேலையும் தமிழ் நகையும் வாசனையும் வேண்டாம், சட்டைக்காரப் பெண்களைப் போலத் தலை முடித்து வாருங்கள் என்று ஆண்களைக் கூப்பிட்டுச் சொன்னார்.

சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப்போனார்கள். கோயிலுக்குள்ளேயே வாய்ச்சண்டை. இனி உங்கள் கோயில் வாசலை மிதிக்கமாட்டோம் என்ற பேச்சு. சாமியார் கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் முறையிட்டார். கவர்னர் தத்துவம் எதுவும் பேசவில்லை. கிறிஸ்தவர்கள் கூட்டம் கூடிப் பேசினால் பிடித்து அடைக்கும்படி சேவகர் தலைவனுக்கு உத்தரவு போட்டார். பிரெஞ்சு ராஜ்ஜியத்தில் 144 அன்றைக்கே இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளின் குறிப்பில் இரண்டு காரியங்கள் நடந்துவிட்டன. தள்ளி வைக்கப்பட்டவர்களுக்குக் கோயிலின் நடுப்பகுதி திறந்தது. உள்ளே இருந்த ஒரு பெண் அவமானப்பட்டு வெளியே போனாள். இரண்டையும் செய்தது ஒரே கை. முதலாவதை நியாயம் என்று கொண்டாடுவதற்காக இரண்டாவதை மறைக்கக் கூடாது. இரண்டாவதைக் காட்டி முதலாவதைத் தவறு என்று சொல்லவும் கூடாது. அன்றைய சாதிக்காரர்கள் செய்தது அதுதான். பெண்ணுக்கு நேர்ந்த அவமானத்தைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பற்றிய கோபத்தைத் தீர்த்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிள்ளையவர்கள் வைணவர். சேசு சபையார் மேல் அவருக்குக் குடும்பப் பகை உண்டு, நைனியப்ப பிள்ளை சிறையில் செத்ததை அந்த வீடு மறக்கவில்லை. கனகராய முதலியார் வீட்டுக்கு ஒரு தலைகுனிவு என்றால் வருத்தப்படுகிறவரும் அல்ல. பேசிய வார்த்தைகளை அப்படியே கேட்டு எழுதினாரா, ஊரார் சொன்னதை எழுதினாரா என்று யோசித்துத்தான் படிக்க வேண்டும். இன்னொன்றும் பாருங்கள். பெரிய சாமியாரிடம் துணிந்து கேட்ட அந்த மனிதர்களில் ஒருவர் பெயரும் குறிப்பில் இல்லை. அந்தப் பெண்ணுக்கும் புருஷன் பெயர்தான் அடையாளம். முகவரி உள்ளவர்கள் எல்லாம் சாமியார், கவர்னர், முதலியார்.

ஏறக்குறைய ஆறரை வாரம் கழித்து, நவம்பர் 30 அந்திரேயா திருநாள். கனகராய முதலியார் ஒழுகரையில் ஒரு கோயில் கட்டி முடித்திருந்தார். இன்றைக்கு ரெட்டியார்பாளையத்தில் நாம் பார்க்கும் புனித அந்திரேயா கோயிலின் தொடக்கம் அதுதான். அதற்குப் பின்னால் ஒரு தகப்பனின் துக்கம் இருந்தது. அவருடைய ஒரே மகன் வேலவேந்திர முதலி, இருபது சொச்சம் வயதில் 1739-ல் இறந்துபோனான். அத்தனை சொத்தும் அத்தனை அதிகாரமும் இருந்து, கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லை. அந்த மகன் நினைவாக எழுந்த கோயில் அது.

கோயில் திறப்புக்கு முதலியார் ஊரையே அழைத்தார். பிராமணர், வேளாளர், கோமுட்டிகள், செட்டிகள், எல்லோரும் வந்தார்கள். துய்ப்ளேக்ஸும் அவர் மனைவியும் கவுன்சில்காரர்களும் வந்து மாலை வரை இருந்தார்கள். சாப்பாடு எப்படி? அந்தந்தச் சாதியாருக்கு அவரவர் முறைப்படி தனித்தனிச் சமையல், தனித்தனி இடம். யாருக்கும் ஆசாரக் குறைவு வராதபடி ஏற்பாடு. கோயில் கிறிஸ்தவக் கோயில், விருந்து மட்டும் தமிழர் வழக்கம் என்று பிள்ளையவர்கள் ஒரு இடி இடித்தும் எழுதி வைக்கிறார்.

முதலியாரைக் குறை சொல்வது எளிது. அவர் நிலைமையில் நின்று பார்த்தால், ஊரார் ஒருவர் விடாமல் வந்து கைநனைத்தால்தான் செத்த மகனுக்கு மரியாதை. எல்லோரும் வர வேண்டுமென்றால் எல்லோரையும் தனித்தனியாக உட்கார வைத்தாக வேண்டும். அன்றைய கணக்கு அது. ஆனால் அதே கணக்கைத்தான் சம்பா கோயில் சாமியார்களும் முன்பு போட்டுச் சுவர் கட்டினார்கள். அக்டோபரில் கோயிலுக்குள் இடிந்த சுவர், நவம்பரில் பந்தியில் இலை போட்ட வரிசையாகத் திரும்பி வந்துவிட்டது. அதற்குச் செங்கல்லும் வேண்டியிருக்கவில்லை, சுண்ணாம்பும் வேண்டியிருக்கவில்லை.

பழைய வீட்டில் மராமத்து பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் எழுப்பிய குறுக்குச் சுவரை, பேரன் காலத்தில் இடிக்கிறோம். இடிக்க அரை நாள் போதும். சல்லி வாரிக் கொட்ட இரண்டு நாள். ஆனால் தரையில் சுவர் நின்ற இடம் ஒரு பட்டையாகத் தெரியும். பழைய சிவப்புத் தரைக்கு நடுவே புதுச் சிமெண்டு பூசினாலும் அந்தக் கோடு போகாது. தெரியாதவர்கள் வந்தாலும், இங்கே ஒரு சுவர் இருந்ததா என்று கேட்பார்கள். போக வேண்டுமென்றால் தரை முழுவதையும் பெயர்த்துப் போட வேண்டும். சம்பா கோயிலில் சாமியார் சுவரை இடித்தார். தரையைப் பெயர்க்கிற வேலை அவர் ஒருவரால் ஆகக்கூடியதல்ல. அது ஒவ்வொரு வீட்டுக்குள்ளும், அடுப்படியிலும், பெண் கொடுத்து எடுப்பதிலும் நடக்க வேண்டிய வேலை.

அதன் பிறகு அந்த மனிதர்களுக்கும் கட்டடங்களுக்கும் என்ன ஆயிற்று?

ஒழுகரை விருந்து முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1746 பிப்ரவரி 12-ல் கனகராய முதலியார் காலமானார். வாரிசு இல்லாத சொத்துக்கு அவர் மனைவிக்கும் தம்பிக்கும் தகராறு வந்தது. தலைமைத் துபாஷிப் பதவி 1747-ல் ஆனந்தரங்கப் பிள்ளைக்குக் கிடைத்தது. 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் பாஸ்கவன் தலைமையில் ஊரை முற்றுகையிட்டிருந்த சமயம், சம்பா கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயிலை இடித்துத் தள்ளினார்கள். அதைப் பிள்ளையவர்கள் எழுதியிருக்கும் பக்கங்களைப் படித்தால் இன்றும் மனசு கனக்கும். தடுக்க முடியாத இடத்தில் அவர் இருந்தார். 1761 ஜனவரி 12-ல் அவர் இறந்தார். நாலே நாளில், 16-ஆம் தேதி, ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்தது. அவர்கள் கோட்டையையும் பெரிய கட்டடங்களையும் தரைமட்டமாக்கியபோது சம்பா கோயிலும் போனது. இன்று மிஷன் வீதியில் நாம் பார்க்கும் ஜென்மராக்கினி மாதா பேராலயம் 1791-ல் எழுந்து நின்ற புதுக் கட்டடம். பெயர் மட்டும் பழைய பெயராகவே ஒட்டிக்கொண்டது.

ஆக, சுவரை இடித்தவர்களின் கோயிலே பதினாறு வருடத்தில் இல்லாமல் போனது. ஆனால் சுவர் எழுப்பிய பழக்கம் போகவில்லை.

உடுப்பு விஷயமும் அப்படித்தான் தொடர்ந்தது. 1745-ல் ஒரு பெண் தமிழ் முறையில் உடுத்தியதற்காகக் கோயிலை விட்டு அனுப்பப்பட்டாள். 1873-ல் இதே ஊர் நீதிமன்றத்தில் வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியச் சப்பாத்து போட்டுக்கொண்டு வந்ததற்காகத் தடுக்கப்பட்டார். அவர் பாரிஸ் உயர் நீதிமன்றம் வரை போய் வென்று வந்தார். அந்த வழக்கின் சூட்டில் பிறந்ததுதான் 1881 செப்டம்பர் 21-ன் ஆணை. சொந்தச் சாதி சமய வழக்கச் சட்டத்தைத் துறந்துவிட்டு, பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரலாம் என்றது அது. அப்படி வந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். பொன்னுத்தம்பி லாபோர்த் ஆனார். நம்ம ஊரில் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் வைத்திருக்கும் பல தமிழ் வீடுகளின் கதை அங்கே தொடங்குகிறது. அவற்றில் பல, 1745-ல் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற சமூகத்தாரின் வீடுகள். சாமியாரிடம் கேட்டதை அவர்கள் பிறகு சட்டத்திடம் கேட்டார்கள்.

நம்ம ஊருக்கு வெளியிலும் கோயில் சுவர்கள் நின்றன. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு கால் சராய் மாதிரியே ஒரு கோயிலைக் கட்டினார்கள். ஒரு காலில் ஒரு சாதி, மறு காலில் மற்றவர்கள், சேருமிடத்தில் பீடம். 1910 வாக்கில் சாமியார்கள் அங்கிருந்த தடுப்பை எடுத்தார்கள். சாதிக்காரர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். தோற்றார்கள்.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். புதுவை கடலூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூர், உளுந்தூர்பேட்டைப் பக்கம். இறுதி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது, கல்லறை எங்கே, தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனிப் பங்கு தருவதா இல்லையா என்ற சண்டை முற்றி, 2008 மார்ச் 9-ல் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. இரண்டு பேர் செத்தார்கள். எல்லோரும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள். 1745-ல் கேட்ட கேள்விக்கும் 2008-ல் கேட்ட கேள்விக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அன்று கேட்டவர்கள் சேர்த்து உட்கார வையுங்கள் என்றார்கள். 263 வருடம் காத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள், சேர்க்காவிட்டால் எங்களுக்குத் தனியாகவே கொடுங்கள் என்றார்கள். அந்த இரண்டு கேள்விக்கும் நடுவே எத்தனை தலைமுறை அலுப்பு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். சின்ன வயதில் எந்தக் கோயிலில், எந்தப் பக்கம், யார் யார் உட்கார்ந்தார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். யார் வீட்டுத் திண்ணை வரை வந்தார்கள், யார் கூடத்துக்கு வந்தார்கள், யாருக்குத் தனி டம்ளர் என்பதும் நினைவிருக்கும். இது கிறிஸ்தவ வீட்டுக் கதை மட்டும் அல்ல, இந்து வீட்டிலும் அதே தரைதான். பேரப்பிள்ளைகள் கேட்டால் மழுப்பாமல் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ஆட்களின் பெயரோடு. பிள்ளையவர்கள் இருபத்தைந்து வருடம் விடாமல் எழுதியும், அந்தச் சனிக்கிழமை முன்னால் போய் நின்று கேட்ட ஒருவரின் பெயரைக்கூட நமக்கு விட்டுவைக்கவில்லை.